மயிலையின் விலாவில் எண்ணெய்க் கறை

சென்னியப்பண்ணன் குனிஞ்சு நான் பார்த்ததே இல்லை. துண்டு கீழ விழுந்தாக்கூட கால் விரல்ல கவ்வித் தூக்கிக் கைக்குக் கொண்டுவந்துருவாரு. உடம்புல ஒரு கோளாறும் இல்லீங்க, மனுசன் அப்பிடி. கையை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு, எல்லைக்கல்லை எந்திரிச்சு நடக்கச் சொன்ன மாதிரி அவரு இட்டேரியில வருவாரு. ரெண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவுல ஒரு வண்டி போற அகலந்தான். எதுக்கால வர்றவன் முள்ளோரமா ஒதுங்கித்தான் ஆகோணும்.

அப்பேர்ப்பட்ட ஆளு, செத்துப்போன பொண்டாட்டியோட சீலையைச் சுத்திக்கிட்டு மாட்டடியில குத்த வெச்சு உக்காந்ததை என்ற கண்ணால பார்த்தேன். ஊரு அதை வெச்சு ஆறு மாசம் சிரிச்சுது. சிரிச்சவங்களுக்குத் தெரியாத சங்கதி கொஞ்சம் இருக்குது, அதைத்தான் சொல்ல வர்றேன்.

என்ற பேரு தம்பிதுரை. அன்னூருக்குக் கெழக்கால எங்க ஊரு. பால் சொசைட்டியில காலையில வெடியாலயும் சாயங்காலம் பொழுதோடயும் பால் அளக்கறது நான்தான். நடுவுல இருக்கற நேரத்துக்கு, சொசைட்டியை ஒட்டின ரூமுல ஒரு எஸ்.டி.டி. பூத் வெச்சிருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட பிளைவுட் பெட்டி, ஒரு ஆளு நிக்கலாம். உள்ளார போன். வெளிய என்ற மேசை மேல மீட்டர். பேச்சு ஓடற வரைக்கும் செகப்பு நம்பர் ஓடும், அந்தப் பக்கம் வெச்சுட்டா நின்னுரும். "ஊர்ப் பாலும் ஊர்ப் பேச்சும் உங்க கையிலதான்"னு என்ற ஊட்டுக்காரி சொல்லுவா. அவ அதைப் பெருமையாச் சொல்லலை.

சென்னியப்பண்ணன் எனக்குப் பங்காளி. அவரு சம்சாரம் குழந்தையம்மா எனக்கு அண்ணி முறை. எங்க பக்கம் நங்கைம்போம். ஒரே பொண்ணு, லோகநாயகி, ஊட்டுல லோகு. கோயமுத்தூர்க் காலேஜுக்கு பஸ்ஸுல போயிட்டு வந்த புள்ளை, கணபதியில லேத்துப் பட்டறையில வேலை செய்யற ஆல்வின்னு ஒரு பையனை ரிஜிஸ்டர் ஆபீஸுல கட்டிக்கிட்டா. தொண்ணூத்தி ரெண்டு, ஆனி மாசம். வேற சாதி, வேற சாமி. நல்ல பையன், ஒரு பீடி கெடையாது. அதையெல்லாம் அன்னைக்கு எவன் கேட்டான்.

அண்ணன் சத்தம் போடலை. மறுநா வெடியால பங்காளிகளைக் கெணத்து மேட்டுக்கு வரச் சொன்னாரு. எழவு ஊட்டுல முழுகற மாதிரி மூணு கொடம் தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டாரு. "எனக்குப் பொண்ணு இல்லை. இனி அந்தப் பேரு என்ற காதுல உழுகப்படாது"ன்னாரு. அப்பறம் நங்கையைப் பார்த்தாரு. அந்தம்மா அசையாம நின்னாங்க. நாலாவது கொடத்தை அவரே தூக்கி அவங்க தலையில கவுத்தாரு. அந்த நாலு கொடமும் தண்ணி சேந்திக் குடுத்தது நான்தான். இதையும் சொல்லிப்போடறேன், இல்லீன்னா மத்ததைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அதுக்கப்பறம் நாலு வருசம் அந்த ஊட்டுல அந்தப் பேரு கேக்கலை. நங்கை பேசறதையே கொறைச்சுக்கிட்டாங்க. சோறு போடுவாங்க, சொம்புல தண்ணி வெப்பாங்க, காட்டு வேலைக்குப் போவாங்க. ரெண்டு நேரமும் நாள் தவறாம அவங்க கொண்டாந்த பால் போசியை நான் வாங்கி அளந்திருக்கறேன். கண்ணு செவந்திருக்கும். மாடு கட்டற கட்டுத்தரையில கொசுவுக்குப் போடற பொகைன்னு நெனச்சுக்குவேன்.

மயிலைங்கறது அவங்க மாடு. காங்கேயத்து வழி, சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். பொறந்த ஊட்டுல சீராக் குடுத்த மாட்டோட பேத்தி. தொண்ணூத்தி ரெண்டுல அது ஈன்ன கன்னு பத்து நாள்ல செத்துப்போச்சு, அதுக்கப்பறம் ஈன்னதும் தங்கலை. கன்னு இல்லாத மாடு லேசுல பால் சொரக்காது. செத்த கன்னோட தோலுல வைக்கோலைத் திணிச்சு முன்னால நிறுத்துவாங்க சில பேரு. "அதுக்குத் தெரியாதா, எதுக்கு ஏமாத்தோணும்"னு நங்கை வேண்டாம்னுட்டாங்க. வெறும் கையாலயும் வாயாலயுமே சொரக்க வெச்சாங்க. எப்பிடின்னு நாங்க யாரும் கேட்டுக்கலை.

தொண்ணூத்தி ஆறு, பொரட்டாசி கடைசியில, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துத் தலையில வெச்சுக்கிட்டு வந்தாங்க. கட்டைக் கீழ போட்டாங்க. தோட்டத்துல வேலை செய்யற பழனியாத்தா பக்கத்துல இருந்திருக்கறா. "சித்தே மூச்சு வாங்குது பழனி"ன்னு தொட்டியோரமா உக்காந்தாங்களாம். எந்திரிக்கலை.

நான் ஒரு காரியம் பண்ணினேன். அதுக்கு முந்தின வருசம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல லோகு என்னைப் பார்த்துட்டு ஓடி வந்து, பக்கத்து ஊட்டு நம்பர்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தா. யாருகிட்டயும் கேக்காம அந்த நம்பரைச் சுத்தித் தகவல் சொல்லிப்போட்டேன். மத்தியானத்துக்கு வந்துட்டா, புருசனும் கூட. வாசல்ல கட்டில்ல முதுகு சாயாம உக்காந்திருந்தாரு அண்ணன். அங்கிருந்தே கடவை, அதான் வேலி வாசலை, பார்த்தாரு.

"தொரை, கடவுல யாரோ நிக்கறாங்க. போகச் சொல்லு."

வரச் சொன்னவன் நான், போகச் சொல்லவும் நான்தான் போனேன். எழவுக்கு வந்த ஒறம்பரைச் சனம் மொத்தமும் என்ற முதுகைப் பார்த்துட்டு இருந்துச்சு.

"மொகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிர்றேன் சித்தப்பா"ன்னா.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. எல்லாரும் கூடியிருக்குது."

"நாளைக்கு அம்மா இருப்பாங்களா?"

"போயிரு அம்மணி, என்னைத் தொந்தரவு பண்ணாதே"ன்னேன். இன்னைக்கும் அந்தச் சொல்லை நெனச்சா சோறு எறங்கறதில்லை. அவ போகலை. இட்டேரிக்கு அந்தப்பக்கம் வேலா மரத்தடியில நின்னா. பாடை தாண்டிப் போறப்ப மண்ணுல உழுந்து கும்புட்டா. கட்டுத்தரையில மயிலை கத்திக்கிட்டே இருந்துச்சு. "தண்ணி காட்டினீங்களா சித்தப்பா? அது அம்மாவைத் தேடுது"ன்னு சொல்லிப்போட்டு பஸ்ஸுக்கு நடந்தா.

அண்ணன் அழுகலை. கொள்ளி வெச்சுட்டு வந்து குளிச்சு, அதே கட்டில்ல அதே மாதிரி உக்காந்தாரு.

ஒறம்பரை கலைஞ்சு போச்சு. அஞ்சு நாளாகியும் அவரு ஊட்டுப் பால் சொசைட்டிக்கு வரலை. ஆறாம் நா மத்தியானம் என்னதான்னு பார்க்கப் போனேன். மூணு நாளா அடைமழைத் தூறல். ஊட்டுக்குள்ள அடிபுடிச்ச வாசம். அடுப்புல அரிசியும்பருப்பும் ஆக்கி, பாதி கரிஞ்சு, பாதி வேகாம இருந்துச்சு. அதைத்தான் தின்னிருக்கறாரு.

"சாப்புட்டீங்களாண்ணா?"

"ஆச்சு."

"மாடு?"

"ஒதைக்குது." வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டினாரு. கன்னிப்போயி நாவப்பழ நெறத்துல இருந்துச்சு. ரெண்டு போசி நசுங்கிக் கெடந்துச்சு.

காலையில மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சீனிவாசலு வந்து ஒரு ஊசி போட்டு, காலை அணைச்சுக் கட்டி, கொஞ்சம் பீச்சிவிட்டுப் போயிருக்கறாரு. தெனமும் இந்த ஊசி போடப்படாது, மடி இப்பவே கல்லா இருக்குது, இன்னும் ரெண்டு நாள் பால் தேங்கினா சீழ் புடிச்சுக்கும், அப்பறம் சந்தைக்குத்தான்னு சொன்னாராம். எங்க ஊர்ல சந்தைக்குன்னா கேரளா லாரிக்குன்னு அர்த்தம்.

"குடுத்துரலாமாண்ணா?"

"அவ மாடுப்பா. அவளுதுன்னு இந்த ஊட்டுல வேற என்ன மிச்சம் இருக்குது"ன்னாரு.

சாணியள்ளிக்கிட்டிருந்த பழனியாத்தா கூடையை எறக்கி வெச்சா. இருவது வருசமா அந்தத் தோட்டத்துல வேலை செய்யறவ, அண்ணனைப் பண்ணாடிம்பா, நங்கையைப் பண்ணாடிச்சிம்பா. அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டலாம், தட்டுப் போடலாம், சாணி அள்ளலாம். பாலை மட்டும் அவ தொடப்படாது. வழக்கமாம், மண்ணாங்கட்டி. மாட்டுக்கு மடி வெடிக்கப் போறப்பவும் அவளை உக்காரச் சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் தோணலை பாருங்க.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கப்படாதுங் பண்ணாடி."

"சொல்லு."

"பண்ணாடிச்சி கடைசியாக் கட்டின சீலை கொடியில தொவைக்காமக் கெடக்குதுங். அதைச் சுத்திக்கிட்டுப் போயிப் பாருங்க. அதுக்கு அந்த வாசம் வேணுமுங்க."

"ஏ பழனி, என்ன பேசறே நீ"ன்னாரு அண்ணன்.

"தெரிஞ்சதைச் சொன்னேனுங்க"ன்னுட்டு அவ கூடையைத் தூக்கிக்கிட்டா.

மறுநா பொழுதோட எனக்கு ஆளு விட்டிருந்தாரு, கயித்தைப் புடிக்க வரச் சொல்லி. போனா, வேட்டிக்கு மேல அந்தச் சீலையைச் சுத்திக்கிட்டு கட்டுத்தரை வாசல்ல நிக்கறாரு. கொசுவம் வெக்கத் தெரியாம மூட்டையாட்டம் முடிஞ்சிருந்தாரு. மீசையும் முந்தானையும். சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்லலை. அவரு மொகத்தைப் பார்த்ததும் போயிருச்சு.

மயிலை கழுத்தை நீட்டி முந்தானையை மோந்துச்சு. அப்பறம் ஒரு பெரிய மூச்சு உட்டுட்டு நின்னுச்சு, ஒதைக்கலை. அண்ணன் ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல வெறப்பா உக்காந்து கையை நீட்டினாரு. மாடு சட்டுனு நகந்துக்கிச்சு.

பழனியாத்தா வெளிய தூறல்ல நின்னுக்கிட்டே சொன்னா. "அப்பிடி இல்லீங்க. பண்ணாடிச்சி கீழ உக்காருவாங்க. குத்த வெச்சு. போசியைத் தொடைக்கு நடுவால இடுக்கிக்கிட்டு."

முட்டி ரெண்டும் சத்தம் போட, அண்ணன் எறங்கி உக்காந்தாரு. அந்த உடம்பு அந்த மாதிரி மடங்கி எத்தனை வருசமோ.

"தலையைச் சாச்சுக்கோணுமுங்க. நெத்தியை மாட்டு மேல. அந்தா விலாவுல பழுப்பா ஒரு கறை தெரியுதுங்களே, அங்க."

"இது சொறியாச்சே"ன்னாரு.

"சொறி இல்லீங்க. பண்ணாடிச்சி தலை எண்ணெய்."

நானும் அப்பத்தான் உத்துப் பார்த்தேன். வெள்ளை மயிருக்கு நடுவுல ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறி, மயிரு தேஞ்சு, படிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு நேரமும் ஒரே எடத்துல நெத்தி பட்டுப் பட்டு வந்தது. அண்ணன் அதை வெரலால தடவினாரு. அப்பறம் நெத்தியை அதுல வெச்சாரு. அளவாப் பொருந்துச்சு.

"கையை இழுக்காதீங்க. உருவுங்க, மெதுவா."

ரெண்டு சொட்டு வந்துச்சு, அவ்வளவுதான். மாடு எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கற மாதிரி காதை மட்டும் பின்னால திருப்பிக்கிட்டு நின்னுச்சு.

"அவங்க கூப்புடுவாங்க"ன்னா பழனியாத்தா.

"என்னன்னு? த்தா த்தாங்கறதா?"

"அதுவுந்தானுங்க." அவ என்னைப் பார்த்தா. "பேரு சொல்லுவாங்க."

"மயிலைன்னா?"

"இல்லீங்க. சின்ன அம்மணி பேரு."

பழனியாத்தா இனி நிறுத்தறதுல அர்த்தமில்லைன்னு நெனச்சாளோ என்னமோ, சொல்லிப்போட்டா. "நாலு வருசமாங்க. கன்னு செத்த நாள்ல இருந்து. லோகு, லோகுன்னு சொல்லிச் சொல்லித்தான் பீச்சுவாங்க. அது காதுல உழுந்தாத்தான் இது பால் உடும். நீங்க வாசல்ல கட்டில்ல இருப்பீங்க, அதனால மெல்லமாத்தான் சொல்லுவாங்க."

அண்ணன் எந்திரிச்சாரு. சீலையை உருவிக் கீழ எறிஞ்சாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நேரா கடவுக்குப் போயி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மழையில நின்னாரு. மயிலை கத்துச்சு. மடியில இருந்து பால் தானா ஒண்ணு ரெண்டு சொட்டு மண்ணுல உழுந்துச்சு. நான் கயித்தைப் புடிச்சுக்கிட்டே நின்னேன், வேற என்ன பண்றது.

பொழுது மசங்கறப்பத் திரும்பி வந்தாரு. சீலை சாணித்தண்ணியில கெடந்துச்சு. அவரு குனிஞ்சாரு. குனிஞ்சு, கையால எடுத்து, ஒதறிச் சுத்திக்கிட்டாரு. உக்காந்து நெத்தியைக் கறை மேல சாச்சாரு.

"லோகு"ன்னாரு. காறித் துப்பற மாதிரி வந்துச்சு. மாடு தோலைச் சிலுப்பிக்கிச்சு. இன்னொருக்கா சொன்னாரு. அதுவும் அப்பிடித்தான். மூணாவது தடவை கொரலு ஒடைஞ்சுபோச்சு. நாலாவது தடவை சொன்னது மாட்டுக்குச் சொன்ன மாதிரியே இல்லை.

"த்தா... லோகு... த்தா... லோகும்மா."

சர்ருனு போசியில பால் அடிச்ச சத்தம் கேட்டுச்சு. பழனியாத்தா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. அண்ணன் முதுகு குலுங்குச்சு. மொகம் மாட்டுக்கும் சொவத்துக்கும் நடுவால இருந்ததுனால எங்களுக்குத் தெரியலை, சத்தம் மட்டுந்தான். அம்பத்தெட்டு வயசு ஆளு அப்பிடி அழுது நான் கேட்டதில்லை. கை மட்டும் நிக்கலை, பீச்சிக்கிட்டே இருந்துச்சு. போசி நெறைஞ்சு நொரை தொடையில வழிஞ்சப்பறந்தான் நிறுத்தினாரு.

அப்பறமும் நெத்தியை எடுக்கலை. "இங்க உக்காந்துதான் அவ அழுதிருக்கறா தொரை"ன்னாரு. "எனக்குப் பத்தடி தள்ளி. தெனமும் ரெண்டு நேரம்."

மயிலை பொழைச்சுக்கிச்சு. அண்ணன் வெடியாலயும் பொழுதோடயும் போசியோட வர ஆரம்பிச்சாரு. சங்கதி ஊருக்குள்ள பரவ ஒரு வாரங்கூட ஆகலை. சீலை கட்டற கவுண்டருன்னு பேரு வெச்சுட்டாங்க. தீவாளி நோம்பிக்கு முந்தின நா டீக்கடையில மயில்சாமி கேட்டான். "என்னங் மாமா, நோம்பிக்குச் சீலை எடுத்தாச்சுங்களா?"

பழைய சென்னியப்பனா இருந்தா கிளாஸ் பறந்திருக்கும். இவரு டீயை ஆத்திக்கிட்டே, "எடுக்கோணும் மயிலு, பழசு கிழியுது"ன்னாரு.

ஒரு நா பால் ஊத்திட்டுப் போகாம, பூத் வாசல்ல பலகை மேல உக்காந்தாரு. கையைப் பின்னால கட்டலை. மடியில வெச்சிருந்தாரு.

"உக்காந்தா வருதப்பா, எந்திரிச்சா நின்னுபோகுது"ன்னாரு.

"என்னதுங்ணா?"

"அழுகைதான். கட்டில்ல இருந்துக்கிட்டு அவளை நெனச்சுப் பார்க்கறேன். ஒண்ணும் வர்றதில்லை, கோவந்தான் வருது. மாட்டடியில உக்காந்து நெத்தியைச் சாச்சா, நெனைக்கறதுக்கு முன்னாலயே அழுகை வந்துருது. ஒரு நா வேணுமின்னே அந்தப் புள்ளை பண்ணினதையெல்லாம் நெனச்சுக் கோவத்தைக் கொண்டாந்து பார்த்தேன். அப்பிடி உக்காந்தாக் கோவம் நிக்க மாட்டேங்குது தொரை. மனசுலதான் இருக்குதுன்னு இத்தனை வருசம் நெனச்சிட்டிருந்தேன். முதுகுல இருந்திருக்குது."

டீ சொல்லட்டுங்களான்னேன்.

"வேண்டாம். பீச்சி முடிச்சு எந்திரிச்சு ஊட்டுக்குள்ள போவேன். ஒருத்தரும் இல்லை. ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி போடோணும், எத்தனை தண்ணின்னு இன்னமும் புடிபடலை. தின்னுட்டுத் தட்டத்தை நானே கழுவி வெக்கறேன். கழுவற சத்தம் ஊடு பூராக் கேக்குது." துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு. "நம்பர் இருக்குதா உங்கிட்ட?"

எந்த நம்பர்னு நான் கேக்கலை.

கார்த்திகை மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் வந்தாரு. நான் நம்பரைச் சுத்தி, பக்கத்து ஊட்டம்மாகிட்ட லோகுவைக் கூப்புடச் சொல்லிட்டு, ரிசீவரை அவரு கையில குடுத்துக் கதவைச் சாத்தினேன். பெட்டிக்குள்ள நிமுந்து நின்னாரு. ரிசீவர் காதுல இருக்குது. அந்தப் பக்கம் அலோ, அலோங்கறது எனக்கே லேசாக் கேக்குது. இவரு ஒதடு பிரியலை. கொஞ்ச நேரத்துல மீட்டர் நின்னுபோச்சு.

வெளிய வந்து, "வரலை"ன்னாரு. "நாஞ் சொல்லட்டுங்களாண்ணா?"ன்னேன். "வேண்டாம். நாந்தான் சொல்லோணும்."

அடுத்த ஞாயிறும் அதே கதை. அன்னைக்கு அந்தப் பக்கம் கோவமா என்னமோ சொல்லி வெச்சாங்க. எவனோ போன் பண்ணிப்போட்டு மூச்சு மட்டும் உடறான்னு நெனச்சிருப்பாங்க, பாவம். எனக்கு மனசு கேக்கலை. ராத்திரியே கூப்புட்டுச் சொல்லிரலாமான்னு பார்த்தேன். அவரு வேண்டாம்னது காதுல நின்னுச்சு. அதுவுமில்லாம, கடவுல அப்பிடிப் பேசினவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது.

மூணாவது ஞாயித்துக்கெழமை மழை விட்டு வெயில் அடிச்சுது. உள்ளார போன அண்ணன், நான் நம்பரைச் சுத்தறதுக்கு முன்னால கீழ தரையைப் பார்த்தாரு.

"தொரை, இந்த ஒயரு கீழ வரைக்கும் எட்டுமா?"

"எட்டுமுங்ணா."

"செரி, சுத்து."

சுத்தினேன். லோகுவைக் கூப்புடச் சொல்லி, அவ வந்து எடுத்த சத்தம் கேட்டு, ரிசீவரைக் குடுத்துட்டு வெளிய வந்தேன். கண்ணாடி வழியாப் பார்த்தா, அவரு வேட்டியை ஒதுக்கி, குத்த வெச்சு உக்காந்தாரு. பெட்டி சின்னது, முட்டி ரெண்டும் கதவுல இடிச்சுது. ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையையும் முன்னால தொங்க விட்டாரு. நெத்தியைப் பிளைவுட்டுல சாச்சாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. வாய் தெறக்கறதுக்கு நேரமாச்சு.

அதுக்குள்ள மீட்டர் நின்னுருச்சு. அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க.

"த்தா"ன்னாரு. "லோகு... த்தா... லோகும்மா... அப்பன் கண்ணு... உங்கம்மா இல்லை கண்ணு... த்தா..."

நின்னுபோன மீட்டரை நான் பார்த்துக்கிட்டு இருக்கறேன். அவருக்குத் தெரியலை. கண்ணுல தண்ணி வடியுது, பேசிக்கிட்டே இருக்கறாரு. மயிலை நல்லாருக்குதுங்கறாரு. உன்ற பேரைச் சொன்னாத்தான் பால் உடுதுங்கறாரு. அன்னைக்குக் கடவுலயே உன்னைத் திருப்பி அனுப்பின என்ற வாயி அழுகிப் போகோணும்னாரு. அத்தனையும் செத்த லைனுல போகுது. நாலு வருசங் கழிச்சு வந்த பேச்சு.

அதுக்கு மேல எனக்குத் தாங்கலை. கதவைத் தெறந்து உள்ளார போனேன். நிக்க எடமில்லை. அவரு பக்கத்துல நானும் குத்த வெச்சு உக்காந்தேன். கையை மேல நீட்டி கொக்கியை அமுத்தி, திரும்பவும் அந்த நம்பரைச் சுத்தினேன். அவரு கண்ணைத் தெறக்கலை.

ஒரே ரிங்குல லோகுவே எடுத்துட்டா. போன் பக்கத்துலயேதான் நின்னிருக்கறா.

"யாருங்க? எதுக்குங்க இப்பிடி வாரா வாரம்..."

அவரு காதுக்கும் என்ற காதுக்கும் நடுவால ரிசீவரைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "கண்ணு, சித்தப்பன் பேசறேன். வெச்சராதே சாமி. அன்னைக்குப் போகச் சொன்னவனும் நான்தான், இப்ப நான்தான் கேக்கறேன், வெச்சராதே. இத்தனை வாரமும் உங்கப்பன்தான் பண்ணினாரு. நின்னுக்கிட்டே இருந்தாரு, பேச்சு வரலை. இப்ப உக்காந்திருக்கறாரு."

ரிசீவரை அவரு வாய்கிட்ட நகத்தினேன்.

"த்தா... லோகு"ன்னாரு அண்ணன், முன்ன மாதிரியே, மெதுவா. "லோகும்மா... த்தா..."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரலை. அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வெளிய போன் பேச வந்த ரெண்டு பேரு கண்ணாடி வழியா எங்களை எட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் புரியாம நின்னாங்க. முட்டி வலிச்சுது, எந்திரிக்க எடமில்லை. அவங்க காலுக்கு நடுவால என்ற மேசை தெரிஞ்சுது. மீட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு.